மூன்றாம் மிதவையில் பத்தரை மணிக்கு

பெலூகா திமிங்கிலம் பார்க்க வருகிறவர்களுக்கு உலகத்தில் இரண்டே கேள்விகள்தான். எப்போது வரும்? எங்கே வரும்? விமானத்தை விட்டு இறங்கிக் குளிரங்கியின் பொத்தானைப் பூட்டுவதற்குள் கேட்டுவிடுவார்கள். அவை ஏன் வருகின்றன என்று ஒருவராவது கேட்டதில்லை.

திமிங்கிலத்தைக் குரல் கொடுத்துக் கூப்பிடும் அழைப்பான் கருவி வருவதற்கு முன்பு நாங்கள் சொன்ன பதில் இது. ஜூலை நடுப்பகுதியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிக்குள் வாருங்கள். கனடாவின் வடக்கே, ஹட்சன் விரிகுடாவின் மேற்குக் கரையில், எங்கள் ஆறு கடலில் விழும் இடத்தில், கடல் ஏறுகிற நேரம் பார்த்துப் படகில் இருங்கள். ஆற்றுத் தண்ணீர் கடலைவிடக் கொஞ்சம் சூடு. குட்டிகளை வளர்க்கவும், பழைய தோலைக் கூழாங்கல்லில் தேய்த்து உதிர்க்கவும் ஆயிரக்கணக்கில் வரும். வந்தால் உங்கள் அதிர்ஷ்டம். வராவிட்டால் தேநீரைக் குடித்துவிட்டு நாளைக்கு வாருங்கள்.

அழைப்பான் வந்த பிறகு பதில் சுருங்கிவிட்டது. பத்தரை மணி, மூன்றாம் மிதவை. பேருந்துக்கு நேரம் சொல்வதுபோல் சொல்லிவிட்டு நான் என் வேலையைப் பார்க்கப் போய்விடுவேன்.

அழைப்பானை இயக்கியவளே நான்தான். பெயர் நளாயினி. என் அப்பா யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறையில் ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டவர். கோயில் திருவிழாவுக்குக் குழாய் கட்டி முடித்ததும் ஒலிவாங்கியைப் பிடித்து "ஒண்டு, ரெண்டு, மூ...ண்டு" என்று மூன்றை மட்டும் இழுத்துச் சொல்லிப் பார்ப்பார். அப்பா போய்ப் பல வருடம். அந்த இழுவை என்னிடம் ஒட்டிக்கொண்டது. தினமும் படகை மிதவையில் கட்டியதும், தண்ணீருக்குள் தொங்கும் ஒலிபெருக்கி சரியா என்று பார்க்க நானும் அதேபோல் மூன்று வரை எண்ணுவேன். பத்தரைக்கு இயந்திரத்தைப் போடுவேன்.

பிறகு நடப்பதை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. பழுப்புத் தண்ணீருக்கடியில் ஓரிடம் வெளுக்கும். அது ஒரு முதுகாகும். பக்கத்தில் இன்னொன்று, அதற்குப் பின்னால் பத்து. காதில் கருவியை மாட்டினால் கடலுக்கடியில் ஒரு சந்தையே நடக்கும்: கதவு கிறீச்சிடும், குருவி கத்தும், யாரோ பலூனைத் தேய்ப்பார்கள். இந்தத் திமிங்கிலங்கள் தலையைத் திருப்பிப் பார்க்கக்கூடியவை. ஒரு கணம் அவை நம்மைப் பார்க்கும்போது, நாம்தான் காட்சிக்கு வந்திருக்கிறோம் என்று தோன்றும்.

எங்கள் முதலாளி ஜெயரூபன் அண்ணை முன்பு ஸ்கார்பரோவில் கல்யாண வீடியோ எடுத்தவர். இப்போது கோடையில் டொரொண்டோத் தமிழர்களைக் கூட்டம் கூட்டமாக வடக்கே கொண்டுவருகிறார். எங்கள் சட்டையின் முதுகில் "கட்டாயம் காட்டுவோம்" என்று அச்சடித்திருந்தது. அந்தக் கட்டாயம் என் அழைப்பான் பெட்டிக்குள் இருந்தது.

போன கோடையின் கடைசிப் பக்கம் வந்த ஒரு குழுவில் ஓர் அம்மா இருந்தார். ஓய்வுபெற்ற தாதி. மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டிருக்க, அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று விசாரித்தார். நானும் வழக்கமான பாடத்தைச் சொன்னேன். கலங்கின தண்ணீரில் கண் உதவாது. அதனால் ஒவ்வொரு தாயும் தன் குட்டியைத் தனக்கே உரிய ஓர் ஒலியால் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். நான் இங்கே இருக்கிறேன் என்பதுதான் அதன் பொருள். இயந்திரம் அந்த ஒலியைப் படித்து, அதே குரலில் புதிதாகக் கூப்பிடும். குட்டி வரும். குட்டிக்குப் பின்னால் மற்றவையும் வேடிக்கை பார்க்க வரும்.

"அப்ப இது ஆரின்ர குரல் பிள்ளை?" என்றார்.

"ஒரு தாயின்ர, அன்ரி. பதினேழாம் நம்பர்."

"அந்தத் தாய் எங்க?"

"முந்தின வருசம் செத்துக் கரையொதுங்கிட்டுது. பதிவுகளில அதின்ர குரல்தான் தெளிவாய் இருந்தது. மெஷின் அதைத்தான் எடுத்துக்கொண்டுது."

அவர் தண்ணீரைப் பார்த்தார். படகைச் சுற்றி அந்தத் தாயின் குட்டி தனியாக வந்துகொண்டிருந்தது. மூன்று வயது இருக்கும். இன்னும் வெளுக்காத சாம்பல் நிறம். நான் அதைச் சாம்பல் என்றே கூப்பிட்டேன்.

"அப்ப அந்தப் பிள்ளைக்கு ஆர் சொல்லுறது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி திமிங்கிலத்தோடு நிற்கவில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

என் அண்ணன் உதயணன் அதற்குப் பதினான்கு மாதம் முன்பு இறந்துபோனான். இங்கே கனடாவில் நெடுஞ்சாலையில் லொறி ஓட்டிக்கொண்டிருந்தவன், மாரடைப்பு. பருத்தித்துறையில் இருந்த அம்மாவுக்கு அப்போது இதய அறுவைச் சிகிச்சை முடிந்து ஆறு கிழமைதான் ஆகியிருந்தது. லண்டன் பெரியப்பா தீர்ப்புச் சொன்னார்: இப்போது சொல்ல வேண்டாம், சொல்வதற்கு ஒரு நேரம் இருக்கிறது. எங்கள் குடும்பங்களில் இது புதிதல்ல. சாவை மறைப்பதற்கு ஊரே ஒன்றுசேரும். மற்ற எந்த விஷயத்திலும் அந்த ஒற்றுமையைக் காண முடியாது.

அம்மா என்னிடம் அதிகம் பேசுவதில்லை. என் மணமுறிவுக்குப் பிறகு நாங்கள் தொலைபேசியில் இரண்டு நிமிடம் தாண்டியதில்லை. "அண்ணனிட்டக் குடு" என்பதில் எல்லாம் முடிந்துவிடும். அண்ணன் குரல் கேட்காவிட்டால் அம்மா தாங்கமாட்டார் என்று நான் பயந்தேன். அவனுடைய பழைய குரல்செய்திகள் என்னிடம் நிறைய இருந்தன. திமிங்கிலத்துக்குச் செய்கிற கருவி மனிதருக்கும் செய்யும். நான் தட்டச்சு செய்தால் அவன் பேசுவான்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் காலை எட்டு மணிக்கு, அம்மாவுக்கு அது மாலை ஆறரை, உதயணன் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தான். வீடியோ பழுது என்றான். அம்மா ஒருமுறைகூட அதைத் திருத்தச் சொல்லவில்லை. சாப்பிட்டீங்களோ, மருந்து குடிச்சீங்களோ என்று கேட்டான். அம்மா முறையாகப் பதில் சொன்னார். கனடாவுக்கு வந்துவிடுங்கள் என்று அவன் கெஞ்சினால், நீ வந்து கூட்டிக்கொண்டு போ, அதுவரைக்கும் இந்த வீட்டை விட்டு அசையமாட்டேன் என்பார். கடைசியில், நளா பக்கத்தில் இருக்கிறாளா, சாப்பிட்டாளா என்று கேட்டுவிட்டு வைப்பார். அது ஒப்புக்குக் கேட்கிற கேள்வி என்று நினைத்தேன். எனக்கு அவன்மேல் பொறாமைகூட வந்தது. செத்தவன்மேல், நானே தட்டச்சு செய்கிற ஒருவன்மேல்.

செப்டம்பர் பிறந்து ஒரு கிழமை ஆகிவிட்டது. திமிங்கிலங்கள் வடக்கே போகத் தொடங்கி, ஆற்று வாய் வெறிச்சோடியது. சாம்பல் மட்டும் போகவில்லை. மூன்றாம் மிதவையைச் சுற்றிச் சுற்றி வந்தது. கோடையெல்லாம் தினமும் தாயின் குரல் கூப்பிட்ட இடத்தை விட்டு எந்தக் குட்டி போகும்? நவம்பரில் கடல் உறையும். வழியறியாமல் பின்தங்கியது மூச்சுவிடத் துவாரம் இல்லாமல் பனிக்கட்டிக்கு அடியில் செத்துப்போகும். இதைச் செய்தவள் நான். ஜூன் மாதமே அது யாருடைய குரல் என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தவள்.

ஜெயரூபன் அண்ணையிடம் போய் நிறுத்தச் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. அதுதான் கஷ்டம்.

"தங்கச்சி, நாங்கள் அதைக் கட்டியே வைச்சிருக்கிறம்? தன்ர விருப்பத்துக்குத்தானே வருது."

"தாய் கூப்பிட்டா வராமல் என்ன செய்யும், அண்ணை?"

"இன்னும் ரெண்டு குழு கிடக்கு. பிறகு நிப்பாட்டுவம். திடீரெண்டு நிப்பாட்டினா அது ஏங்கிப்போகாதோ? எதுக்கும் ஒரு நேரம் இருக்குத்தானே."

பெரியப்பா சொன்னது அப்படியே அவர் வாயிலிருந்து வந்தது. அந்த நேரம் என்பது ஒருநாளும் வராது, அதை நாங்கள்தான் ஒவ்வொரு கிழமையும் பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருக்கிறோம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் சனிக்கிழமை, மூடுபனி. குழு எதுவும் இல்லை. கரையோரம் வரிசையாகப் போட்டிருந்த கடலடி ஒலிவாங்கிகளில் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கடற்கரை முனைக்கு அப்பால், பதினெட்டு கிலோமீட்டரில், ஒரே ஒரு கூட்டம் மிச்சம் இருந்தது. நாற்பது திமிங்கிலம் இருக்கலாம். அதுவும் மெல்ல வடக்கே நகர்ந்துகொண்டிருந்தது. இது போனால் அடுத்த கோடைக்குத்தான். படகோட்டி டெனிஸை எழுப்பினேன். இந்த ஊர்க்காரன், முப்பது வயது, பேச்சில் சிக்கனம். என் மிக்சர் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு படகைக் கிளப்பினான்.

என் திட்டம் எளிது. தாயின் குரலைப் படகின் பின்னால் தொங்கவிட்டு, மெதுவாகக் கூட்டம்வரை போவது. பொய்யை வைத்தே குட்டியைக் கரைசேர்ப்பது. குரலைப் போட்டோம். சாம்பல் அரைக் கிலோமீட்டர் வந்தது. பிறகு திரும்பி மிதவைக்கே போய்விட்டது. மறுபடி போய்க் கூப்பிட்டோம். மறுபடி அதே கதை. மூன்றாம் தடவை அது அசையவே இல்லை.

இயந்திரத்தை நிறுத்தினேன். ஒலிபெருக்கிதான் பழுதோ என்று, ஒலிவாங்கியை எடுத்துப் பழக்கதோஷத்தில் சொன்னேன்.

"ஒண்டு, ரெண்டு, மூ...ண்டு."

தண்ணீருக்குள்ளிருந்து பதில் வந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு குழந்தை பேசுவதுபோல் மூன்று ஒலிகள். வார்த்தை துலங்கவில்லை. ஆனால் முதலிரண்டும் குட்டை, மூன்றாவது நெடுக இழுத்தது. என் அப்பாவின் இழுவை. டெனிஸ் வாயில் போட்ட மிக்சரை மெல்லாமல் என்னைப் பார்த்தான்.

சாம்பல் படகின் பின்னால் வந்து, தலையைத் தூக்கி, கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தது.

என் பதிவேட்டைப் புரட்டினேன். கோடை முழுவதும் என் கையெழுத்தில் இருந்தது. சாம்பல் வந்த நேரம் 10.27. 10.26. 10.27. இயந்திரம் தொடங்குவது பத்தரைக்கு. நான் எண்ணுவது அதற்கு முன்னால். மூன்று நிமிடம் முந்தி வருவதை அதன் அவசரம் என்று பக்கத்தில் குறித்து வைத்திருந்தேன். முட்டாள். பெட்டிக்குள்ளிருந்து கூப்பிட்டது தன் தாய் இல்லை என்று அதற்கு எப்போதோ தெரிந்துவிட்டது. அங்கே கேட்ட குரல்களில் உயிரோடு இருந்தது ஒன்றே ஒன்று, எண்ணிப் பார்த்த என் குரல். சாம்பல் அந்தக் குரலுக்காகத்தான் வந்திருக்கிறது.

"போ," என்றேன் டெனிஸிடம். "மெதுவாய்ப் போ."

நான்கு, ஐந்து, ஆறு என்று எண்ணத் தொடங்கினேன். சாம்பல் பின்னால் வந்தது. நூறு தாண்டியது. மிதவை மறைந்தது. வானமும் தண்ணீரும் ஒரே வெள்ளையாகி, படகு எதன்மேல் போகிறது என்றே தெரியவில்லை. எண்கள் மட்டும் முன்னால் போய்க்கொண்டிருந்தன. ஐந்நூறில் தொண்டை கட்டியது. டெனிஸ் குடுவையிலிருந்து தேநீர் ஊற்றி நீட்டினான். விழுங்குகிற நேரம்கூட இடைவெளி விடப் பயந்து, மூக்கால் முனகிக்கொண்டே குடித்தேன். ஆயிரத்துக்குப் பிறகு நான் எண்ணுகிறேனா, யாரோ எண்ணுவதைக் கேட்கிறேனா என்று மயக்கமாக இருந்தது. சின்ன வயதில் அப்பாவின் ஒலிபெருக்கி வண்டியில் தூங்கிக்கொண்டே போனதுபோல் இருந்தது. பின்னாலிருந்து சாம்பல் அவ்வப்போது அந்த மூன்றையும் சொல்லிக்கொண்டே வந்தது. நான் எத்தனையில் இருந்தாலும் அதற்கு மூன்றுதான்.

இரண்டாயிரத்து நானூறு சொச்சத்தில் முன்னால் சந்தை இரைச்சல் கேட்டது. கதவுகள், குருவிகள். பனிக்குள் வெள்ளை முதுகுகள் ஒவ்வொன்றாய் எழுந்து மறைந்தன. இரண்டு பெரியவை சாம்பலிடம் வந்து உரசிப் பார்த்தன.

இனி நான் பேசக்கூடாது. பேசினால் அது என்னோடு திரும்பி வந்துவிடும். ஒலிவாங்கியை அணைத்து மடியில் வைத்தேன்.

சாம்பல் கூப்பிட்டது. ஒண்டு, ரெண்டு, மூ...ண்டு. நின்று கேட்டது. மறுபடி கூப்பிட்டது. என் வாழ்க்கையில் எத்தனையோ இடத்தில் பேசாமல் இருந்திருக்கிறேன். அதுவெல்லாம் கோழைத்தனம். இந்த ஒரு தடவைதான் பேசாமல் இருப்பதற்கு என்னிடமிருந்த தைரியம் முழுவதும் தேவைப்பட்டது. ஏழாவது தடவை அந்த மூன்று ஒலியும் கொஞ்சம் தள்ளிக் கேட்டது. பிறகு இரைச்சலோடு கலந்து வடக்கே போனது. டெனிஸ் வெகுநேரம் கழித்துத்தான் படகைக் கிளப்பினான்.

கரையேறியதும் பதினேழாம் நம்பரின் குரலை அழித்துவிட்டு ஜெயரூபன் அண்ணையிடம் சொன்னேன். மிச்சமிருந்த இரண்டு குழுவும் போச்சா என்று தலையில் கைவைத்தார். பிறகு குட்டி போய்ச் சேர்ந்ததா என்று கேட்டார். சேர்ந்தது என்றேன். அடுத்த வருடம் சனத்துக்கு என்ன சொல்வது என்றார். எப்போது, எங்கே என்று சொல்வோம், கட்டாயம் என்பதை மட்டும் விட்டுவிடுவோம் என்றேன். வெறும் தேநீரைக் குடித்துவிட்டுப் போகச் சொல்வதா என்று முணுமுணுத்தார். ஆனால் சட்டைகளின் முதுகில் இருந்த வாசகத்தை மாற்றிவிட்டார்.

மறுநாள் ஞாயிறு. காலை எட்டு மணி. கணினியைத் திறந்து, உதயணன் பேசுவதற்காக "அம்மா" என்று தட்டச்சு செய்தேன். அனுப்பவில்லை. மூடிவிட்டுத் தொலைபேசியை எடுத்தேன். நேற்று எண்ணியதில் என் குரல் பாதி போயிருந்தது.

"அம்மா, நான் நளா."

அந்தப் பக்கம் கடல் இரைச்சல் கேட்டது.

"இண்டைக்கு நீயே எடுத்திருக்கிறாய்," என்றார் அம்மா.

அண்ணாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும் என்று தொடங்கினேன்.

"நீ கஷ்டப்படாதை. நான் சொல்லுறன். அவன் உயிரோட இருக்கேக்கை மாசத்துக்கு ஒருக்கா எடுத்தாலே பெரிய விசயம். செத்த பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எடுக்கிறான். மருந்து குடிச்சீங்களோ எண்டு வேற கேக்கிறான். உன்ர கொண்ணன் எண்டைக்கடி என்னட்ட அதைக் கேட்டவன்?"

நான் அழுதேன். அம்மா அழவில்லை. லண்டன் பெரியப்பா ஒரே கிழமையில் மூன்று தடவை எடுத்தபோதே விளங்கிவிட்டது என்றார். ஆண்டுத் திவசத்துக்கு நாள் தெரியாமல் ஒரு நாளைக் குத்துமதிப்பாக வைத்து ஐயருக்கு அரிசியும் காய்கறியும் கொடுத்ததாகவும், யாருக்கு என்று சித்தி கேட்டதற்கு அப்பாவுக்கு என்று பொய் சொன்னதாகவும் சொன்னார். ஊரெல்லாம் சேர்ந்து அவருக்கு மறைக்க, அவர் தனியாக ஊருக்கே மறைத்திருக்கிறார்.

"ஏன் அம்மா எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நீ எடுக்கமாட்டாய். குரல் அவன்ரதாய் இருந்தாலும் கதை உன்ரதானே. அதுக்காகத்தான் இருந்து கேட்டனான்."

பிறகு, பதினான்கு மாதமாக யாரிடமும் கேட்க முடியாமல் வைத்திருந்ததைக் கேட்டார்.

"அவன் நோகாமல் போனவனோ?"

ஓம் என்றேன். நெஞ்சு நோகத் தொடங்கியதுமே லொறியை ஓரமாக நிறுத்தி, சாவியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இருந்தான், அதற்குமேல் அதிக நேரம் இல்லை என்று வைத்தியர் சொன்னதைச் சொன்னேன்.

"ஓரமாய் நிப்பாட்டினவனோ," என்றார் அம்மா. "நல்ல பிள்ளை." அதன் பிறகுதான் அவர் அழுதார். நான் வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அழுது முடிந்ததும் என் தொண்டைக்கு என்ன நடந்தது என்று கேட்டார். சாம்பலைப் பற்றிச் சொன்னேன். இரண்டாயிரத்து நானூறு என்றதும், அப்பாகூட அவ்வளவு எண்ணியதில்லை என்றார். கொஞ்சம் பொறுத்து, எல்லோரும் கேட்கிற அந்த இரண்டு கேள்வியையும் கேட்டார்.

"உந்த மீனுகளை எப்ப பாக்கலாம்? எங்க வரவேணும்?"

"ஜூலை நடுவில, அம்மா. இங்க, ஆறு கடலில விழுற இடத்தில. ஆனா கட்டாயம் வருமெண்டு சொல்லேலாது."

"கட்டாயம் ஆரடி கேட்டது? அந்த மாசம் உங்க குளிருமோ எண்டு மட்டும் சொல்லு. கம்பளிச் சட்டை ஒண்டும் என்னட்ட இல்லை."